சிவப்புத் தொட்டியின் மீதிப் பாதி

அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை தம்பி. எனக்கு அதில் ஓடுகிற எழுத்து தெரியாது. வாசலில் நிற்கிற காவலரிடம் கேட்டேன். சார்ஜா விமானம் தாமதம் என்றார். நீங்கள் யாருக்காக நிற்கிறீர்கள்? தங்கச்சிக்கா? சிங்கப்பூரா? நல்லது. நான் மாப்பிள்ளைக்காக வந்திருக்கிறேன். என் மகள் கோமதியைக் கட்டியவர். செழியன் என்று பெயர். லீவில் வரவில்லை. அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, இங்கே திருச்சியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தீக்காயம். இரண்டு கையும்.

ஐயோ பாவம் என்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் யார், எப்படிப்பட்டவள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பாவம் பாருங்கள்.

தனபாக்கியம் என்று பெயர். கல்யாணத்தைப் பதிவு செய்ய சார்பதிவாளர் ஆபீசுக்குப் போயிருந்தோம். இரண்டு பக்கத்துச் சொந்தமும் நிற்கிறது. இந்த அம்மா முதலில் போய்க் கைநாட்டு வைத்தாள். வைத்துவிட்டு, அந்த மை ஒட்டிய விரலாலேயே மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "அண்ணனுக்கும் இதுதானே?" என்றாள். சிரித்துக்கொண்டே. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் இரண்டாம் வகுப்புதான். ஆனால் கையெழுத்துப் போடுவேன். அடைக்கலம் என்று ஆறு எழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட்டேன். பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள், போட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. மறக்கவும் இல்லை. பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போகிறாள், இன்னும் மறக்கவில்லை.

படிக்காதவன்தான் தம்பி. ஆனால் எங்கள் பஞ்சாயத்தில் மேல்தொட்டி வேலை பார்த்தேன், நரை விழும் வரைக்கும். மோட்டார் போடுவது, தொட்டியை நிரப்புவது, எந்தத் தெருவுக்கு எப்போது வால்வைத் திறப்பது, எல்லாம் என் கை. குழாயில் காதை வைத்தால் எந்த இடத்தில் உடைப்பு என்று சொல்வேன். கல்யாண வீட்டுக்காரன், சாவு வீட்டுக்காரன், எல்லோரும் முதல் நாளே என்னைத் தேடி வருவார்கள். "அண்ணே, நாளைக்கு நம்ம தெருவுக்கு ஒரு மணி நேரம் கூட விடுங்க." அப்படி இருந்தவன். அந்த வேலையில் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். தண்ணீரை அடைத்து வைக்கக் கூடாது. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடக் கூடாது. வெறும் மோட்டார் ஓடுகிற சத்தம் தனியாக இருக்கும், ஒரு மாதிரி வறட்டுச் சத்தம். அது காதில் விழுந்தால் சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற காயில் கம்பி புகைந்தால் ஊருக்கே தண்ணீர் இல்லையே.

வேலை முடிந்தது. என் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்தாள். மாப்பிள்ளை புதுக்கோட்டைக்கு வெளியே புது நகரில் வீடு கட்டி, "மாமா, நான் வெளியூர்ல கெடக்கேன், வீட்டுல ஒரு ஆம்பள இருக்கட்டும், வந்துருங்க" என்றார். போனேன். அங்கேதான் அந்த அம்மாவும். ஒரே கூரை. அவள் பேசினால் நான் பேத்தியைப் பார்த்துப் பதில் சொல்வேன். பேத்திக்கு அது விளையாட்டு. "பாட்டி, தாத்தா சாப்பாடு போதும்ங்கிறாரு" என்று இரண்டடி தூரத்தில் நிற்கிறவளிடம் போய்ச் சொல்லும்.

மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை தெரியுமா? பெரிய பெரிய கட்டடங்களில் தீ பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் கொட்டும் குழாய் போடுகிற வேலை. ஸ்பிரிங்ளர் என்பார்கள். போன தடவை லீவில் வந்தவர், நம் வீட்டுக்கும் போடப்போகிறேன் என்று ஆரம்பித்தார். "எவன் எவன் வீட்டுக்கோ மாட்டிக் குடுக்கறேன் மாமா, எங்க அம்மாவும் பிள்ளையும் தூங்குற வீட்டுல ஒண்ணு இல்ல" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குள் மழை பெய்ய வைக்கிறாராம் என்றேன். கூரையில் ஆங்காங்கே பித்தளையில் சின்னதாகத் தொங்கும், நடுவில் சிவப்பாக ஒரு கண்ணாடித் துண்டு. நான் அதை மூக்குத்தி என்பேன். வீட்டுக்கு மூக்குத்தி குத்தியாச்சா என்று கேட்பேன்.

ஒருநாள் கொல்லையில் எங்களை உட்கார வைத்து ஒன்றை இடுக்கியில் பிடித்துக் காட்டினார். கீழே மெழுகுவர்த்தி. அந்தச் சிவப்புக் கண்ணாடிக்குள் ஏதோ திராவகம், சூடு ஏறினால் பெருத்து, கண்ணாடி வெடித்துவிடும். கடுகு வெடிக்கிற மாதிரி பட்டென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அடைப்பு விலகி தண்ணீர் வந்துவிடும்.

"சாம்பிராணி போட்டா கொட்டிருமா?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"பொகைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. சூட்டுக்குத்தான். சமையக்கட்டுல தாளிக்கிற சூட்டுக்கெல்லாம் ஒடையாது."

"அப்ப ஒண்ணு ஒடஞ்சா வீடு பூராக் கொட்டி நாசமாயிடுமே," என்றேன் நான்.

"இல்ல மாமா. எது தலையில சூடு ஏறுதோ அது மட்டுந்தான். மத்ததெல்லாம் சும்மா இருக்கும். தீ சின்னதா இருக்கறப்பவே ஒண்ணே ஒண்ணு அமுக்கிரும். தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்."

அந்த அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவாள். "பெயின்ட் அடிக்கறப்ப அது மேல படக்கூடாது. அதுல ஒண்ணும் கட்டித் தொங்கவிடக் கூடாது." பொங்கலுக்கு நான் ஒரு மாவிலைத் தோரணத்தை அதில் முடிச்சுப் போட்டேன். அவிழ்த்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

மொட்டை மாடியில் அதற்கென்று தனித் தொட்டி. இரண்டாயிரம் லிட்டர். வீட்டுத் தொட்டியோடு சேராது. அடையாளம் தெரியட்டும் என்று மாப்பிள்ளை அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார், கீழே குழாயில் தண்ணீர் வெளியேறினால் தானாக ஓடும். கிளம்பும்போது என்னிடம் சொன்னார். "மாமா, இந்த மோட்டாரு தானா ஓடுற சத்தம் கேட்டா வீட்டுக்குள்ள தீன்னு அர்த்தம். மொதல்ல உள்ள ஓடி ஆளுகள வெளிய கூட்டிட்டு வாங்க." நான் தலையை ஆட்டினேன். எனக்கு மோட்டாரைப் பற்றிச் சொல்லித்தர வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே ஆட்டினேன்.

தண்ணீர் வேண்டுமா தம்பி? என் பையில் பாட்டில் இருக்கிறது. வேண்டாமா. சரி.

இந்த ஆடியில் எங்கள் நகருக்குத் தண்ணீர் விடுகிற மோட்டார் புகைந்துவிட்டது. இப்போது அந்த வேலையைப் பார்க்கிறவன் ஒரு சோம்பேறி. கழற்றிக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. பொம்பளைகள் குடத்தோடு அலைகிறார்கள். எங்கள் வீட்டு ஆழ்துளைக் குழாய் எங்களுக்கே இழுக்கவில்லை. மேலே என்னவென்றால் அந்தச் சிவப்புத் தொட்டி. விளிம்பு வரைக்கும் தண்ணீர். ஒருத்தருக்கும் உதவாமல் வெயிலில் காய்கிறது. வாழ்நாள் பூராவும் திறந்து விட்டவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? வியாழக்கிழமை ஒரு ஓஸ் குழாயைக் கட்டித் தெருவுக்கு இறக்கினேன். நிமிஷத்தில் வரிசை நின்றுவிட்டது. "தண்ணிக்கார ஐயா" என்று கூப்பிட்டார்கள். அந்த நகரில் அதுவரைக்கும் என்னை ஒருத்தரும் ஒரு பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை.

பாதி போனதும் நிறுத்திவிட்டேன். அதைச் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் குடங்கள் வந்துவிட்டன. நான் மாடிப்படியில் கால் வைக்கிறேன், இந்த அம்மா வாசலுக்கு வந்தாள். இந்தத் தடவை பேத்தியைத் தூது விடவில்லை. நேராக என்னிடம்.

"அண்ணே, நேத்து குடுத்தீங்க, புண்ணியம். ஒண்ணும் சொல்லல. மீதிப் பாதி இருக்கட்டும். அது தீக்குன்னு வச்சது. செழியன் சொல்லிட்டுப் போனான்ல."

கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள். இப்போது நினைத்தால் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் தெருவே நிற்கிறது தம்பி. எதிர்வீட்டுப் பரிமளா இருக்கிறாளே, வாய்க்காரி, அவள் இடுப்புக் குடத்தைத் தட்டிக்கொண்டே, "ஏன்யா, சம்பந்தியம்மா உத்தரவு குடுத்தாத்தான் தண்ணியா?" என்றாள். சிரித்தார்கள். எனக்கு அந்த மைப்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. மேலே போனேன். தொட்டி கழுவுவதற்கென்று அடியில் ஒரு வாய் இருக்கும், அதிலேயே ஓஸ் குழாயை மாட்டித் திறந்துவிட்டேன். கடைசிச் சொட்டு வரைக்கும். முதல் பாதி தெருவுக்கு விட்டது. இரண்டாம் பாதியை அவளுக்காகத்தான் விட்டேன். அவள் பார்க்க வேண்டும் என்று.

தண்ணீர் தீர்ந்தது. கூட்டம் கலைந்தது. நான் தெருமுனைப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல டீ. என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது கேட்டது. மோட்டார். எங்கள் வீட்டு மாடியிலிருந்து. அந்த வறட்டுச் சத்தம்.

எனக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? தீ என்று தோன்றவில்லை. தொட்டி காலியா என்று பார்க்க அந்த அம்மா மோட்டாரைப் போட்டுப் பார்க்கிறாள், மகனிடம் போட்டுக்கொடுக்க, என்று தோன்றியது. காயில் போய்விடுமே என்று ஓடினேன். எங்கள் வீட்டில் மாடிப்படி வெளிப்பக்கம். நேராக மேலே ஓடினேன். வாசல் கதவைத் தாண்டித்தான் ஓடினேன், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டாரை நிறுத்தினேன். உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது, ஆனால் புகையவில்லை. அப்பாடா என்று நின்றேன். நின்றேன் தம்பி. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் கைப்பிடிச் சுவருக்குக் கீழே, கூடத்து ஜன்னலிலிருந்து கறுப்பாகப் புகை வருவதைப் பார்த்தேன்.

விளக்கு ஏற்றியது அவள்தான். அதையும் சொல்லத்தானே வேண்டும். ஆடி வெள்ளி. பூஜை அலமாரி கூடத்தில், படுக்கை அறை வாசலை ஒட்டி. மின்விசிறிக் காற்றில் வாசல் திரைச்சீலை பறந்து விளக்கில் விழுந்திருக்கிறது. அதிலிருந்து சோபாவுக்கு. சோபாவுக்குள் இருக்கிற பஞ்சு எரிந்தால் வருகிற புகை இருக்கிறதே, அது புகை இல்லை, விஷம். திரைக்கு அந்தப் பக்கம் அறையில் பேத்தி தூங்குகிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த அசதி. கோமதி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் ஓர் ஆம்பளை இருக்கட்டும் என்று என்னை வைத்திருந்தார்கள்.

நான் இறங்கி வருவதற்குள் அந்த அம்மா எரிகிற திரையைக் கையால் பிடித்து இழுத்துப் போட்டு, உள்ளே போய், பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இருமியது, அவ்வளவுதான். தெருக்காரர்கள் ஓடிவந்தார்கள். எதைக் கொண்டு வந்தார்கள்? கொஞ்சம் முன்னால் நான் பிடித்துவிட்ட குடங்களைத்தான். பரிமளாதான் முதல் குடத்தை வீசினாள். கூடத்தோடு அடங்கிவிட்டது. "ஐயா தண்ணி விட்டதாலதான்யா இன்னிக்கு வீடு தப்பிச்சுது" என்று எல்லோரும் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். காலையில் பால் வாங்கப் போனேன், பால்காரனும் சொல்கிறான். நான் பால் வாங்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கட்டு. வலது கை விரல் மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். கோமதி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் தட்டுக் கழுவப் போன நேரத்தில் அந்த அம்மா என்னைப் பார்த்து, சாதாரணமாக, ஊர்க்கதை சொல்கிற மாதிரிச் சொல்கிறாள்:

"பட்டுன்னு ஒடஞ்சுச்சுண்ணே. அவன் சொன்ன மாதிரியே. எனக்கு உசுரே வந்துச்சு. தல நிமிந்து பாத்துக்கிட்டே நின்னேன். பாதியாவது இருக்கும்ல, இப்பக் கொட்டும், இப்பக் கொட்டும்னு நின்னேன். ஒரு கை தண்ணி விழுந்துச்சு. அப்புறம் புஸ்ஸுன்னு காத்து."

நின்றாளாம். நான் மேலே நின்ற நேரம்தான் அது. நான் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மேலே நிற்கிறேன், அவள் எனக்கு நேர் கீழே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நின்ற நேரத்தில்தான் திரை முழுக்கப் பிடித்திருக்கிறது. பாதி இருக்கும் என்று அவள் நம்பாமல் இருந்திருந்தால் உடனே பிள்ளையைத் தூக்க ஓடியிருப்பாள். கை தப்பியிருக்கும்.

கோமதி திரும்பி வந்ததும் மாப்பிள்ளை போனில் வந்தார். தெருவுக்குத் தண்ணீர் விட்டது கோமதிக்குத் தெரியாது, தீ பிடித்ததிலிருந்து அவள் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. அவள் போனை அந்த அம்மாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "தொட்டி கசிஞ்சு போச்சுப்பா. எங்களுக்குத் தெரியல" என்றாள். என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் தனியாக இருக்கும்போது, "நீங்களும் வாயத் தொறக்காதீங்கண்ணே. அவன் கோவத்துல உங்கள ஒரு வார்த்த சொல்லிட்டா, கோமதி எந்தப் பக்கம் நிப்பா? குடும்பம் ரெண்டாயிரும்" என்றாள்.

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? இனி என் ஆயுசுக்கும் நான் அவளிடம் தலை நிமிர முடியாது. அவள் சோறு போட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் சொன்னால் கேட்க வேண்டும். கையைக் கொடுத்து என்னை வாங்கிவிட்டாள். நான் கேட்டேனா? காப்பாற்று என்று கேட்டேனா? நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார்கள் என்கிறீர்களா? உங்களுக்கு அந்த அம்மாவைத் தெரியாது தம்பி.

இதோடு போயிருந்தால் நானும் இருந்துவிட்டிருப்பேன். சத்தியமாக. இருந்துவிட்டிருப்பேன்.

ராத்திரி மாப்பிள்ளை எனக்கே போன் போட்டார். "மாமா, எங்க கசிவு? அடியில நான் ஒரு வளைவு போட்டேனே, அதுலயா?" என்று கேட்டார். என்ன சொல்வது? ஆமாம் மாப்பிள்ளை, அந்த வளைவுதான் என்றேன். அப்புறம் சொல்கிறார், "நான் போட்டது மாமா. கெளம்புற அவசரத்துல சரியா முறுக்கலபோல. எங்க அம்மா கைய நானே வேக வச்சிட்டேன்."

அழுதார் தம்பி. பெரிய ஆம்பளை. நான் காதில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

மறுபடி நேற்று பேசினார். இனி ஸ்பானர் தொட மாட்டாராம். "என் கை வேலைய நம்பி இங்க எத்தன பேரு தூங்குறாங்க மாமா, நான் போட்டதையெல்லாம் வேற ஆள விட்டுச் சோதிக்கச் சொல்லிட்டேன், வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்கிறார். கோமதி அழுகிறாள். அந்த அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னமோ சொல்லப்போயி என்னமோ ஆயிருச்சேண்ணே" என்கிறாள். முதல் தடவையாக என்னிடம் யோசனை கேட்கிறாள். நான் வெளியே வந்துவிட்டேன். டாக்சி ஏறி இங்கே வந்துவிட்டேன்.

அதற்கு முன்னால், இன்றைக்கு விடிந்ததும் புதுக்கோட்டை வீட்டில் மாடி ஏறினேன். எல்லா இணைப்பையும் தடவிப் பார்த்தேன். வாழ்க்கை பூராவும் தண்ணீரோடு கிடந்தவன் சொல்கிறேன், அந்த வளைவில் ஒரு சொட்டு ஈரம் பட்ட தடம் கிடையாது. உப்புப் பூக்கவில்லை. பாசி இல்லை. என் காலத்தில் என் கீழ் குழாய் மாட்டுகிற பிட்டர்கள் எத்தனையோ பேர் வேலை பார்த்தார்கள், ஒருத்தனும் இப்படி முறுக்கியதில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. அதைப் போய்க் கசிந்தது என்று சொல்லியிருக்கிறேன். அந்த வேலையைப் பார்த்து, இந்த வாயால்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்காது. கோமதி என்னோடு பேசமாட்டாள், கொஞ்ச காலத்துக்காவது. பிள்ளையைப் பார்க்க விடுவார்களோ என்னவோ. மாப்பிள்ளை நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் அந்த அம்மா அங்கே இருப்பாள், கண்ணைக் காட்டுவாள், நான் மறுபடியும் ஆமாம் வளைவுதான் என்று சொல்லிவிடுவேன். அவள் தயவில் இருப்பதற்குப் பதில், குற்றவாளியாக இருந்துவிட்டுப் போகலாம்.

வந்துவிட்டதா? கதவு திறக்கிறதே. இல்லை, அது வேறு கூட்டம்.

இல்லை, அதுதான். அதோ, கட்டம் போட்ட சட்டை. பெட்டி ஒன்றும் இல்லை, தோளில் ஒரு பை மட்டும். மெலிந்துவிட்டார். என்னைத்தான் தேடுகிறார். மாப்பிள்ளை, இங்கே. இங்கே வாங்க.

தம்பி, நீங்கள் கொஞ்சம் எழுந்து அவருக்கு இடம் கொடுங்கள். நிற்கவைத்துச் சொல்கிற விஷயம் இல்லை இது.